கல்லாப்பெட்டியில் இல்லாத கேஷ்

புதுச்சேரி நேரு வீதியில் இருக்கும் பெரிய மார்க்கெட்டுக்குக் காலை நேரத்தில் போனவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். காய்கறி, பழம், பூ, மளிகை, மீன் என்று எல்லாமே ஒரே வளாகத்துக்குள். அரசுக் கணக்கில் இதற்குக் குபேர் அங்காடி என்று பெயர். செல்வத்துக்கு அதிபதியான குபேரனின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயர் அது. பிரெஞ்சுப் பெயர் தமிழ் வாயில் நுழைந்து சாமி பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மாதிரி மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையைக் கவனித்துப் பாருங்கள். கடை என்பது பத்தடிக்குப் பத்தடி இடம். மூட்டைகள் எல்லாம் வேறெங்கோ ஒரு கிடங்கில் இருக்கும். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டு ஒருவர் வரும்போதெல்லாம் கடைக்காரர் கிடங்குக்கு ஓடினால் என்ன ஆகும்? வரிசை நேரு வீதி வரைக்கும் நீளும். அதனால் அடிக்கடி விற்கிற சரக்கை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் டப்பாக்களில் போட்டு வைத்துக்கொள்கிறார். கிடங்குக்கு ஆள் போவது ஒரு நாளைக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோதான்.

கோடிக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் வலைத்தளங்கள் நொறுங்காமல் நிற்பதும் இதே வித்தையால்தான். அதன் பெயர் கேஷ்.

காமர்ஸ் படிக்கிறவர்கள் உடனே கல்லாப்பெட்டியை நினைப்பார்கள். அந்தக் கேஷ் வேறு, இந்தக் கேஷ் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவது நம் அதிர்ஷ்டம்! இந்தக் கேஷ் என்பது 'ஒளித்து வைத்தல்' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கனடாவில் தோல் வியாபாரத்துக்காகக் காடுகளில் அலைந்த பிரெஞ்சுக்காரர்கள், திரும்பி வரும்போது பயன்படும் என்று உணவையும் சாமான்களையும் வழியில் குழி தோண்டிப் புதைத்து வைப்பார்கள். அந்தக் குழிக்குத்தான் முதலில் இந்தப் பெயர். பணத்தைக் குறிக்கும் கேஷும் பெட்டி என்று பொருள்படும் இன்னொரு பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்ததுதான். ஆங்கிலத்தில் சில்லறை நாணயத்தைக் குறிக்க இதே எழுத்துகளில் வழங்கிய மூன்றாவது சொல் ஒன்றும் உண்டு. அது போர்ச்சுக்கீசியர் வழியாகப் போன நம்முடைய 'காசு'. ஆக, இந்தச் சொற்கள் எல்லாம் ஒருகாலத்தில் புதுச்சேரிப் பக்கம் உலவியவைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சரக்கை முன்னாலேயே எடுத்து வைப்பது சுலபம். எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதுதான் தலைவலி. மார்க்கெட்டில் கருவாடு விற்பவருக்கும் மீன் விற்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கருவாடு நாளைக்கும் கருவாடுதான். மீன் மத்தியானத்துக்குள் போயாக வேண்டும். வலைத்தளங்களிலும் கருவாடு உண்டு, மீன் உண்டு. எது எது என்று தெரியாமல் போனதால் விழுந்தவர்களும், தெரிந்துகொண்டதால் பிழைத்தவர்களும் சேர்ந்துதான் இந்த வரலாறு.

இந்தக் கதை இணையத்துக்கு முன்பே தொடங்குகிறது. கணினியின் மூளை வேகமாக ஓடும், ஆனால் அதன் நினைவகம் மெதுவாகத்தான் பதில் சொல்லும். இந்த இடைவெளியை நிரப்ப, சிறிய ஆனால் வேகமான இன்னொரு நினைவகத்தை நடுவில் வைக்கலாம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ் 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதற்கு வைத்த பெயர் 'அடிமை நினைவகம்'. 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசையில் 85-ஆம் மாடலில் இதைக் கொண்டுவந்தது. அதைப் பற்றிய கட்டுரையில் 'அதிவேக இடைநிலைச் சேமிப்பு' என்கிற மாதிரி ஏதோ வறட்டுப் பெயர் இருந்ததாம். நிறுவனத்தின் ஆய்விதழ் ஆசிரியராக இருந்த லைல் ஜான்சனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த சொல்தான் கேஷ். ஒரு பத்திரிகை ஆசிரியரின் பேனா செய்த வேலை!

இணையம் வந்தபோது அதே பிரச்சினை பெரிய அளவில் வந்தது. இப்போது இடைவெளி சில அங்குலங்கள் இல்லை, கடல்கள். 1994 வாக்கிலேயே, வலையின் பிறப்பிடமான ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 'ப்ராக்ஸி' என்ற இடைத்தரகர் செர்வரை எழுதிவிட்டார்கள். நூறு பேர் ஒரே பக்கத்தைக் கேட்டால் முதல் ஆளுக்காக மட்டும் வெளியே போய் வாங்கி வரும். மற்ற 99 பேருக்கும் கையில் இருக்கும் நகல்தான்.

நகல் பழசாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று, பக்கத்தோடு சேர்த்தே காலாவதித் தேதியை அனுப்பிவிடுவது, பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடிப்பது போல. இரண்டாவது வழி கொஞ்சம் அழகானது. நகலை வைத்திருப்பவர் மூலச் செர்வரிடம், "நான் இன்ன தேதியில் வாங்கிய நகல் என்னிடம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?" என்று மட்டும் கேட்பார். மாறவில்லை என்றால் செர்வர் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். முழுப் பக்கமும் மறுபடி பயணம் செய்யத் தேவையில்லை. மீன் வாங்க வந்த அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "சரி, போடு" என்று சொல்வதற்குச் சமம். 1996 மே மாதம் வெளியான இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இந்த 304 உண்டு. 1997 ஜனவரியில் வந்த அடுத்த பதிப்பில், இத்தனை விநாடிக்கு மேல் நகலை வைத்திருக்காதே, இதை நகலே எடுக்காதே என்றெல்லாம் விரிவான கட்டளைகள் சேர்ந்தன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பார்க்கிற பக்கங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் இருந்தன. அதைவிட வேடிக்கை, இந்தியாவில் உள்ள ஒரு இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் இன்னொரு இந்திய நிறுவனத்திடம் உள்ள பக்கத்தைத் திறந்தாலும் தகவல் வெளிநாடு போய்த் திரும்பி வந்த காலம் அது. பக்கத்துத் தெருக் கடையில் வாங்கும் தேங்காய் சிங்கப்பூர் போய் வந்த மாதிரி. இதைச் சரிசெய்ய, நிக்சி என்ற உள்நாட்டு இணைய இணைப்பகம் 2003-இல் அமைக்கப்பட்டது.

அந்த நாட்களின் பிரவுசிங் சென்டர்கள் ஞாபகம் இருக்கிறதா? மரத்தடுப்புகள், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், ஒரே ஒரு டயல்-அப் இணைப்பைப் பத்து கம்ப்யூட்டர்கள் பங்குபோடும் ஏற்பாடு. ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர் ப்ராக்ஸியாக உட்கார்ந்திருக்கும். ஒருவர் மெயில் தளத்தின் முகப்பைத் திறக்க இரண்டு நிமிஷம் ஆகும். பக்கத்துச் சீட்டுக்காரர் அதையே திறந்தால் படங்கள் சட்டென்று வந்து விழும். ஏன் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. "அந்த சிஸ்டம் ஸ்பீடு" என்று சொல்லி அடுத்த முறை அதே சீட்டைப் பிடிக்க அடித்துக்கொள்வார்கள் :)

பிளஸ் டூ ரிசல்ட் நாளன்று மட்டும் எந்தச் சீட்டும் வேகமில்லை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறும் வரை தமிழ்நாட்டுத் தேர்வுத்துறையின் முடிவைத்தான் எதிர்பார்த்திருந்தன. ஆக, கன்னியாகுமரி முதல் காரைக்கால் வரை எல்லாரும் ஒரே நிமிஷத்தில் ஒரே தளத்தைத் தட்டுவார்கள். பக்கம் திறக்காது. அப்பா பின்னால் நிற்பார். இந்தப் பத்து நிமிஷம் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ என்ன செய்யும் என்று எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையும் எழுதுவதில்லை.

உண்மையில் தேர்வு முடிவு அசல் கருவாடு. வெளியிட்ட பிறகு அது மாறப் போவதில்லை. 2024-இல் பிளஸ் டூ எழுதியவர்கள் சுமார் 7.6 லட்சம் பேர். ஒருவரின் மதிப்பெண் பக்கத்துக்கு 2 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தமே ஒன்றரை ஜிகாபைட்தான். ஒரு சாதாரண செல்போன் நினைவகத்தில் அடங்கிவிடும் சரக்கு! ஒவ்வொரு கேள்விக்கும் தரவுத்தளத்தைத் தோண்டாமல், முன்கூட்டியே பக்கங்களைத் தயாரித்து வேகமான நினைவகத்தில் வைத்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்தது. பல தளங்களில் முடிவை வெளியிடுவதும், செல்போனுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுவதும் இன்னொரு பாதியைக் குறைத்தன. கேட்டு வருவதற்கு முன்பே வீட்டில் கொண்டுபோய்ப் போடுவது என்றால் அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு நகல் போதாது, பல ஊர்களில் நகல் வேண்டும் என்ற யோசனைக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, 1994-க்குப் பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் இருந்தார். இணையத்தில் நெரிசல் பெரிய பிரச்சினையாகப் போகிறது, இதற்கு ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று 1995-இல் சக ஆய்வாளர்களிடம் சவால் விட்டார். அதே கட்டடத்தில் இருந்த கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதை எடுத்துக்கொண்டார். அவருடன் சேர்ந்த மாணவர் டேனியல் லெவின்.

அவர்களும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட ஆய்வு, கேட்பதற்குச் சின்னதாக இருக்கும் ஒரு கேள்விக்கு விடை. நூறு செர்வர்களில் நகல்களைப் பிரித்து வைத்தால், எந்த நகல் எந்தச் செர்வரில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வரிசை எண் போட்டு வகுத்து, மீதியைப் பார்த்து ஒதுக்கலாம். ஆனால் ஒரு செர்வர் படுத்துவிட்டால் நூறு என்பது 99 ஆகிவிடும், எல்லாக் கணக்கும் மாறிப்போகும், எல்லாச் சரக்கையும் இடம் மாற்ற வேண்டும். அவர்கள் செர்வர்களை ஒரு வட்டத்தில் நிற்க வைத்தார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் அந்த வட்டத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து நடந்தால் முதலில் எந்தக் கடை வருகிறதோ அதில்தான் சரக்கு. ஒரு கடை மூடினால் அந்தக் கடையின் சரக்கு மட்டும் அடுத்த கடைக்குப் போகும். மற்ற 98 கடைகளுக்கும் எதுவுமே நடந்த மாதிரி தெரியாது. எவ்வளவு எளிமை பாருங்கள்!

இந்த யோசனையோடு எம்.ஐ.டி.யின் தொழில்முனைவோர் போட்டியில் கலந்துகொண்டார்கள். இறுதிச் சுற்று வரை வந்தார்கள், பரிசு கிடைக்கவில்லை. 1998 ஆகஸ்ட்டில் அவர்கள் பதிவுசெய்த நிறுவனம்தான் அக்கமாய். ஹவாய் மொழியில் 'புத்திசாலி' என்று அர்த்தம். போட்டியில் தோற்றதற்காகப் புராஜெக்டைத் தூக்கிப் போடுகிற நண்பர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

2001 செப்டம்பர் 11. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த அன்று உலகமே செய்தித் தளங்களை நோக்கி ஓடியது. தளங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. சி.என்.என். தன் முகப்புப் பக்கத்திலிருந்து படங்களையும் அலங்காரங்களையும் கழற்றிவிட்டு, வெறும் எழுத்தும் ஒன்றிரண்டு படமுமாக நின்றது. கூகிள் தன் முகப்பிலேயே, செய்தி வேண்டுமானால் தொலைக்காட்சி, வானொலியைப் பாருங்கள் என்று எழுதிவிட்டு, செய்தித் தளங்களின் சேமித்த நகல்களுக்குச் சுட்டி கொடுத்தது. கொஞ்சம் பழைய செய்திதான், ஆனால் திறக்கிற செய்தி. அக்கமாயின் செர்வர்களும் அன்று பல செய்தித் தளங்களின் பாரத்தைத் தாங்கின. அந்த வட்டக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவரான டேனியல் லெவின் அதைப் பார்க்க இல்லை. கோபுரத்தில் மோதிய முதல் விமானத்தில் அவர் பயணியாக இருந்தார். வயது 31.

இதற்கிடையில் இன்னொரு பக்கம் வேறு வகைக் கேஷ் வளர்ந்தது. 2003-இல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தை நடத்திய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக், தரவுத்தளத்துக்கும் வலைச் செர்வருக்கும் நடுவில் நிற்கும் மெம்கேஷ்டி என்ற மென்பொருளை எழுதி இலவசமாகவே கொடுத்துவிட்டார். ஐந்தே ஆண்டில், 2008-இல், பேஸ்புக் இதை 800-க்கும் மேற்பட்ட செர்வர்களில் ஓட்டியது. நார்வேயில் வி.ஜி. என்ற நாளிதழுக்காக 2006-இல் வார்னிஷ் என்ற மென்பொருள் எழுதப்பட்டது. பன்னிரண்டு செர்வர் செய்த வேலையை மூன்று செர்வர் செய்ய ஆரம்பித்தன. காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார்கள் உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

இனி மீன் பக்கம் போவோம். ரயில் டிக்கெட்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஐ.ஆர்.சி.டி.சி. தளம் 2002 ஆகஸ்ட்டில் தொடங்கியது. தத்கால் நேரத்தில் அந்தத் தளத்தின் முன்னால் உட்கார்ந்தவர்கள் சுற்றிச் சுற்றி வரும் அந்த வட்டத்தை மறக்க மாட்டார்கள். ரயில் நேர அட்டவணை, நிலையங்களின் பெயர், கட்டணம் எல்லாம் கருவாடு. ஆனால் மீதமுள்ள இருக்கை எண்ணிக்கை? விநாடிக்கு விநாடி குறையும் சரக்கு. அதை நகலெடுத்து வைத்து விற்றால் ஒரே பெர்த்தில் இருவர் உட்கார வேண்டியதுதான். 2014 ஜூலை ரயில்வே பட்ஜெட்டில், நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக்குவதாகவும், ஒரே நேரத்தில் 1.2 லட்சம் பேர் நுழைய முடியும் என்றும் அறிவிப்பு வந்தது. ஆகஸ்ட்டில் புதிய அமைப்பு நடைமுறைக்கு வந்தது. தகவலை வட்டில் தேடாமல் பல கணினிகளின் நினைவகத்திலேயே பரப்பி வைக்கும் முறை அதன் முக்கியமான பாகம். அதே 2014 அக்டோபர் 6-இல் பிளிப்கார்ட்டின் 'பிக் பில்லியன் டே' விற்பனை நடந்து, தளம் திணறி, வாங்கிய பொருள் ரத்தாகி, விலை மாறி, மறுநாள் அதன் நிறுவனர்கள் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். இருக்கிறது என்று காட்டிவிட்டு இல்லை என்று சொல்லும் கடைக்காரர் மேல் மார்க்கெட்டில் வரும் கோபம்தான் இங்கேயும் வந்தது.

கேஷ் தானே வில்லனாவதும் உண்டு. 2010 செப்டம்பர் 23 அன்று பேஸ்புக் சுமார் இரண்டரை மணி நேரம் முடங்கியது. கேஷில் இருந்த ஒரு அமைப்பு விவரம் தவறு என்று தோன்றினால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு தரவுத்தளத்திடம் சரியான விவரத்தைக் கேள் என்று ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார்கள். தரவுத்தளத்தில் இருந்த விவரமே தவறாகிப்போன அன்று எல்லாச் செர்வர்களும் ஒரே சமயத்தில் அதைக் கேட்டு ஓடின. பதில் வரவில்லை, மறுபடி கேட்டன. கடைசியில் தளத்தையே மூடித்தான் கூட்டத்தைக் கலைக்க முடிந்தது. டப்பாக்கள் எல்லாம் ஒரே நிமிஷத்தில் காலியாகி, மார்க்கெட் முழுவதும் ஒரே கிடங்குக் கதவில் போய் முட்டிக்கொண்ட கதை.

பிரவுசிங் சென்டரில் பின்செல்லும் பொத்தானைத் தட்டினால், முன்னால் உட்கார்ந்திருந்தவரின் மெயில் பெட்டி தெரிந்த அனுபவம் பலருக்கு இருக்கும். அதன் பூதாகரமான வடிவம் 2015 கிறிஸ்துமஸ் அன்று நடந்தது. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் அன்று தாக்குதலுக்கு உள்ளாக, பாரத்தைக் குறைக்க அவசரமாகக் கேஷ் அமைப்பை மாற்றினார்கள். அந்த மாற்றத்தில் பிழை. ஒருவருக்காகத் தயாரான கணக்குப் பக்கத்தின் நகல் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படிப் பாதிக்கப்பட்டன. ரேஷன் கார்டை மாற்றிக் கொடுத்துவிட்ட மாதிரி! பொதுவான பக்கம் எது, ஒருவருக்கு மட்டுமேயான பக்கம் எது என்று பிரிப்பதில் தவறினால் வேகத்தால் பயன் ஏது?

இந்தப் பிரிவினை எவ்வளவு நுட்பமானது என்பதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? நம்ம தோனி! 2019 உலகக் கோப்பை அரையிறுதி, மான்செஸ்டர். மழையால் ஜூலை 9-இல் நின்று, மறுநாள் தொடர்ந்த ஆட்டம். ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி பேர். அப்போது அது உலக சாதனை. வீடியோவைப் பொறுத்தவரை பயமில்லை. சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, எல்லாருக்கும் ஒரே துண்டுதான், அக்கமாய் போன்றவர்களின் செர்வர்கள் ஊருக்கு ஊர் நகல் எடுத்துக் கொடுத்துவிடும். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து ஸ்டம்பைத் தாக்கித் தோனி ரன் அவுட் ஆனார். அதோடு போச்சு. ரசிகர்கள் மனம் உடைந்து வெளியேறினார்கள். வெளியேறுவது என்றால்? பின்செல்லும் பொத்தானை அழுத்துவது. அழுத்தினால் வருவது முகப்புப் பக்கம். முகப்புப் பக்கம் ஆளுக்கு ஒரு மாதிரி, அவரவர் ரசனைக்கேற்பத் தயாராவது. அதற்குப் பொது நகல் இல்லை. வீடியோ பார்க்கும் கூட்டம் குறைந்தபோது முகப்புச் செர்வர்களின் பாரம் எகிறியது என்பதை அந்த நிறுவனத்தின் பொறியாளர்களே பின்னர் விளக்கியிருக்கிறார்கள். கூட்டம் வரும்போது மட்டுமல்ல, கலையும்போதும் கதவு உடையும். இந்த மாதிரி நேரங்களில் தனிப்பட்ட பரிந்துரைகளை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டுவது அவர்கள் கைக்கொண்ட வழிகளில் ஒன்று. 2023 நவம்பர் 19-இல் நடந்த இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தபோதும் தளம் நின்றது.

கிரிக்கெட் தோற்றால் ஒரு நாள் வருத்தம். 2021-இல் நடந்தது அப்படிப்பட்டதல்ல. கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசிப் பதிவு ஏப்ரல் 28 மாலை 4 மணிக்குக் கோவின் தளத்தில் திறந்தது. தொடக்கத்தில் நிமிஷத்துக்கு 27 லட்சம் தட்டல்கள். தளம் தடுமாறியது, பிறகு எழுந்தது. அன்று ஒரே நாளில் 1.3 கோடிக்கு மேல் பதிவானது. ஆனால் பதிவு வேறு, ஊசி போட நேரம் கிடைப்பது வேறு. 18 முதல் 44 வயதினருக்கு ஆரம்பத்தில் இணையத்தில் நேரம் வாங்கினால் மட்டுமே ஊசி.

ஆஸ்பத்திரிகளில் காலி நேரம் இருக்கிறதா என்று யாரும் கேட்டுப் பெறும்படி கோவின் தன் தகவலைப் பொதுவில் திறந்து வைத்திருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்கள் பலர் அதை வைத்து, காலி இடம் வந்தால் உடனே தகவல் அனுப்பும் தளங்களையும் டெலிகிராம் குழுக்களையும் நடத்தினார்கள். லட்சக்கணக்கான தானியங்கிக் கேள்விகள் செர்வரை நச்சரித்தன. மே முதல் வாரத்தில் அரசு ஒரு மாற்றம் செய்தது. பொதுவில் கிடைக்கும் காலியிடத் தகவல் இனி கேஷிலிருந்து வரும், அது 30 நிமிஷம் வரை பழையதாக இருக்கலாம். ஒரு முகவரியிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு 100 கேள்விக்கு மேல் கூடாது.

முப்பது நிமிஷம்! காலியிடம் நிரம்பிப் போக ஒரு சில விநாடிகள் போதுமாக இருந்த நேரத்தில் அரை மணி நேரப் பழைய தகவலால் என்ன பிரயோசனம்? குழுக்களில் வந்த தகவலை நம்பி உள்ளே போனால் எல்லாம் போயிருக்கும். செர்வர் காப்பாற்றப்பட்டது, கேட்டவர்களுக்குக் கிடைத்தது நாறிய மீன். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. நிரல் எழுதத் தெரிந்தவரும் டெலிகிராம் வைத்திருப்பவரும் விநாடியில் பிடித்துக்கொண்டு போக, விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு பக்கமாகப் போகும் மற்றவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். தகவலைப் பழசாக்கியதால் அந்த வேகப் போட்டி கொஞ்சமாவது மட்டுப்பட்டது என்று வாதிடலாம். ஸ்மார்ட்போனே இல்லாதவர் இந்த இரண்டு கணக்கிலும் வரவில்லை. அரசு மையங்களில் நேரில் வருவோருக்கும் இந்த வயதுப் பிரிவில் ஊசி போடலாம் என்ற அனுமதி மே 24 அன்றுதான் வந்தது. எத்தனை விநாடி நகலை வைத்திருக்கலாம் என்பது பொறியாளர் தனியாக முடிவு செய்யும் எண் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

ரயில் டிக்கெட் செயலிகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையாக இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து மதுரைக்கு இடம் தேடினால், எத்தனை இருக்கை என்ற எண்ணுக்குக் கீழே மங்கலான சின்ன எழுத்தில், இந்தத் தகவல் எத்தனை நிமிஷத்துக்கு முன் எடுத்தது என்று போட்டிருப்பார்கள். சில சமயம் மணிக்கணக்காகவும் இருக்கும். அந்த எண்ணின் மேல் ஒரு தடவை தட்டினால் நகலை ஒதுக்கிவிட்டு மூலச் செர்வரிடமே போய்க் கேட்டு வரும். தத்கால் நேரத்தில் அப்படித் தட்டிவிட்டு வரும் எண்ணைப் பார்க்கத் தனி நெஞ்சுரம் வேண்டும்.